எந்தப் படி?

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன யுத்தம். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் வீட்டுப்பாட நோட்டில் ஒரு கணக்கு. ‘3 லிட்டர் 50 மில்லிலிட்டர் = எத்தனை மில்லிலிட்டர்?’ அம்மணி கண்ணை மூடித் திறப்பதற்குள் 350 என்று எழுதிவிட்டு டி.வி. பக்கம் நகர்ந்துவிட்டாள்.

“எப்படிம்மா 350?”

“மூணுக்குப் பக்கத்துல அம்பது போட்டா முந்நூத்தம்பதுப்பா. இதுகூடத் தெரியாதா?”

நான் பி.காம். பட்டதாரி. டெபிட், கிரெடிட்டோடு குடும்பம் நடத்தியவன். விடுவேனா? “ஒரு லிட்டர்னா ஆயிரம் மில்லி. மூணு லிட்டர்னா மூவாயிரம். அதோட அம்பதைச் சேர்த்தா 3,050” என்று விளக்கினேன். ரப்பரால் அழித்துவிட்டு 3,050 என்று எழுதினாள். ஆனால், முகத்தில் தெளிவு இல்லை. அப்பா சொன்னதால் சரி, அவ்வளவுதான்!

எனக்கு உறுத்தியது அவள் தப்பாக எழுதியது அல்ல. அவள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் தண்ணீர் பாட்டிலே அரை லிட்டர். மூணு லிட்டருக்கும் மேலான தண்ணீர், அந்த பாட்டில்கூட நிரம்பாத 350 மில்லிக்குள் எப்படி அடங்கும்? இந்தக் கேள்வி அவளுக்கு எழவே இல்லை. அவள் கண்ணுக்கு எண்கள் தெரிந்தன, பாத்திரம் தெரியவில்லை.

‘நாலாம் வகுப்புக் குழந்தை செய்த தப்பை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையா?’ என்று நீங்கள் சிரிக்கலாம். இதே ரகத் தப்பை நன்றாகப் படித்த பெரியவர்கள் செய்து, 69 பேரோடு ஒரு விமானம் நடுவானில் எரிபொருள் இல்லாமல் நின்றிருக்கிறது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் அப்பத்தாவின் அடுப்படிக்குப் போய்விட்டு வந்துவிடுவோம்.

அங்கே ஒரு மூலையில் படி, அரைப்படி, உழக்கு, ஆழாக்கு என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார். ஆழாக்கில் இரண்டு தடவை அளந்தால் உழக்கு நிறையும். இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. கவனித்தீர்களா? எல்லாமே பாதி, பாதியில் பாதி! பத்தால் பெருக்கு, ஆயிரத்தால் வகு என்ற பேச்சே கிடையாது. இதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு பொருளைப் பத்துச் சம பங்காகப் பிரிப்பது கஷ்டம். இரண்டாகப் பிரிக்கக் கண்ணே போதும். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா, ‘அரைப்படிக்கு எத்தனை ஆழாக்கு?’ என்றால் யோசிக்காமல் நாலு என்பார். ஆயிரம் தடவை கையால் அளந்து கொட்டியதில் வந்த கணக்கு அது.

மேலே போனால் எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். கீழே இறங்கினால் ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு. நெல்லுக்கும் இதே அளவுதான், நெய்க்கும் இதே அளவுதான்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு எண்சுவடி சொல்லித் தரப்பட்டது. முதலில் பொன்னிலக்கம். அதாவது எண்களும் பின்னங்களும். அது மனசில் ஏறியபிறகு நெல்லிலக்கம். செவிடில் ஆரம்பித்துக் கலம் வரைக்கும் போகும் முகத்தல் அளவை வாய்ப்பாடு. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்ற பிள்ளைகள் ராகம் போட்டுப் பின்னே சொல்லவேண்டும். தப்பினால் பிரம்பு. அந்தப் பள்ளிக்கூடத்தை நான் ஒன்றும் தலையில் தூக்கிவைத்து ஆடப்போவதில்லை. பெண் குழந்தைகளும் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளும் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் ஏறவே முடியவில்லை. இதில் என்ன வேதனை தெரியுமா? களத்துமேட்டில் முந்தானையை ஏந்தி, துண்டை விரித்து, படிக்கணக்கில் கூலி வாங்கியவர்கள் அவர்கள்தான். அளக்கிறவன் கணக்குப் படித்தவன். வாங்குகிறவனுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

அளவு என்பது வெறும் பாடப்புத்தக சமாசாரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 1968-ம் வருடம் டிசம்பர் 25-ம் தேதி இரவு, கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்த கூலிப் போராட்டத்தை, கீழத் தஞ்சை மக்கள் இன்றைக்கும் ‘அரைப்படி நெல்லு கூடக் கேட்டதுக்காக’ என்றுதான் நினைவுபடுத்திச் சொல்கிறார்கள்.

அரைப்படி!

சரி, அதே தஞ்சையில் இன்னும் ஆயிரம் வருடம் பின்னால் போவோம்.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் விளக்கு எரிப்பது பற்றிய விவரம் நிறைய இருக்கிறது. ஒரு நொந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடுகள் என்று கணக்குப் போட்டு இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். வாங்கிக்கொண்டவர், விளக்கு ஒன்றுக்குத் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு செத்தாலும் கிழமானாலும் குட்டிகள் வந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டும் என்பதால், இதற்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று அழகான பெயர்.

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தினம் ஓர் உழக்கு என்றால், வருடத்துக்கு எவ்வளவு நெய்? 365 உழக்கு. நாலு உழக்கு ஒரு நாழி என்பதால் 91 நாழி, மிச்சம் ஓர் உழக்கு. எட்டு நாழி ஒரு குறுணி என்பதால் 11 குறுணி, 3 நாழி, 1 உழக்கு. கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. ஆக, ஒரு விளக்கு ஒரு வருடத்தில் குடிக்கும் நெய் கிட்டத்தட்ட ஒரு கலம்! நெல்லிலக்கம் படித்த பிள்ளை இதை விரலை மடக்கியே சொல்லியிருக்கும்.

ஆனால், நான் சொல்லவந்தது வேறு. அந்தக் கல்வெட்டுகளில் நெல்லைப் பற்றிப் பேசும்போது, இத்தனை கலம் என்று மட்டும் வெட்டிவிட்டுப் போகவில்லை. ‘ஆடவல்லான்’ என்ற பெயர் கொண்ட மரக்காலால் அளந்தது, அது ‘ராஜகேசரி’க்குச் சமம் என்று பாத்திரத்தின் பெயரையும் சேர்த்தே வெட்டிவைத்தார்கள். மரக்காலுக்கு எதற்குப் பெயர்? ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எண்ணைச் சொல்லிப் பாத்திரத்தைச் சொல்லாவிட்டால், நாளைக்கு யாராவது ஒருவர் சின்ன மரக்காலோடு வந்து நிற்பார்!

என் அப்பத்தாவுக்கும் இது தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டில் வாங்கிய அரிசியைத் திருப்பித் தர யாராவது வந்தால், “எந்தப் படியில அளந்தே?” என்பதுதான் முதல் கேள்வி. சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று எத்தனையோ படிகள் புழங்கிய காலம் அது. படி ஒன்றாகவே இருந்தாலும், கோபுரமாகக் குவித்து அளப்பது ஒரு கணக்கு, தலைதட்டி அளப்பது இன்னொரு கணக்கு. வாங்கும்போது குவித்து வாங்கிக் கொடுக்கும்போது தலைதட்டிக் கொடுக்கும் மகானுபாவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

எல்லா ஊர் என்றால் எல்லா நாட்டிலும்தான். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பு, பதினாறாம் லூயி மன்னருக்கு மக்கள் குறைகளை எழுதி அனுப்பலாம் என்று ஓர் ஏற்பாடு நடந்தது. கிராமம் கிராமமாகக் குவிந்த அந்தப் புகார்களில் திரும்பத் திரும்ப வந்த ஒரு விஷயம், அளவைகள். குத்தகை நெல் அளக்கிற மாதிரி அங்கே கோதுமை. குத்தகை வாங்கும் பிரபுவின் பாத்திரம் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போகிறது என்று ஜனங்கள் புலம்பினார்கள். ‘ஒரே ராஜா, ஒரே சட்டம் இருப்பதுபோல நாட்டுக்கு ஒரே எடை, ஒரே அளவு கொடுங்கள்’ என்று கேட்டார்கள்.

ராஜாவின் தலை போனது. அளவு வந்தது!

1795 ஏப்ரலில் பிரெஞ்சுக் குடியரசு போட்ட சட்டத்தில் பிறந்ததுதான் நம் லிட்டர். பழைய பாரீஸில் ‘லிட்ரோன்’ என்று ஓர் அளவு இருந்தது. இன்றைய லிட்டரைவிடக் கொஞ்சம் சின்னது. அந்தப் பெயரைத் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். பெயர்தான் பழசு, அளவு புத்தம் புதுசு. பத்து சென்டிமீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி செய்யுங்கள். அது கொள்வது ஒரு லிட்டர். எந்தப் பிரபுவும் தன் இஷ்டத்துக்குப் பெரிதாக்க முடியாது. ஒரு அடிக்கோல் இருந்தால் போதும், ஒரு பள்ளிக்கூடப் பையன்கூட அளந்து ‘ஐயா, உங்க பெட்டி தப்பு’ என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவு நியாயமான அளவை ஜனங்கள் இரு கை நீட்டி வரவேற்றிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. பாதி, கால் என்று பழகிய கைகளுக்குப் பத்துப் பத்தாகப் போவது பிடிபடவில்லை. நெப்போலியனே 1812-ல் இறங்கிவந்து, கடைத்தெருவில் பழைய பெயர்களையும் பாதிக் கணக்கையும் வைத்துக்கொள்ள அனுமதித்தார். மறுபடி சட்டம் போட்டு, 1840 ஜனவரி 1-ம் தேதி முதல் கட்டாயமாக்கியபிறகுதான் பிரான்ஸே தன் சொந்தப் பிள்ளையை முழுசாக ஏற்றுக்கொண்டது. நாற்பத்தைந்து வருடம்! அதாவது, 1795-ல் வாய்ப்பாடு சொன்ன குழந்தைகளின் பேரப்பிள்ளைகள் காலம்.

நம் நாடு எவ்வளவோ தேவலை. 1956-ல் எடை, அளவுகளுக்கான சட்டம். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா. 1958 அக்டோபரில் மெட்ரிக் அளவுகள் புழக்கத்துக்கு வர ஆரம்பித்தன. 1962 ஏப்ரலோடு பழைய அளவுகளுக்குச் சட்டப்படி விடைகொடுத்தாகிவிட்டது. ஆறே வருடம்! ஆனாலும் சட்டம் வேறு, அடுப்படி வேறு. எண்பதுகளில் நான் சிறுவனாக இருந்தபோதுகூட எங்கள் ஊர்ப் பால்காரரிடம் ‘ரெண்டு ஆழாக்கு’ என்றுதான் பால் கேட்போம். பள்ளிக்கூடத்தில் மில்லிலிட்டர், வாசலில் ஆழாக்கு. ஒன்றை எழுதினோம், இன்னொன்றைக் குடித்தோம்!

இதே காலத்தில் ஆங்கிலம் பேசும் உலகம் என்ன செய்துகொண்டிருந்தது? இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஒயினுக்கு ஒரு கேலன், பீருக்கு வேறொரு கேலன், தானியத்துக்கு இன்னொரு கேலன். 1824-ல் ‘இனி ஒரே கேலன்’ என்று சட்டம் போட்டுப் பத்து பவுண்டு தண்ணீர் கொள்ளும் புது கேலனைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் தனி நாடாகிவிட்ட அமெரிக்கா, ‘உன் சட்டம் உனக்கு’ என்று 1707-ம் வருடத்து ஒயின் கேலனையே வைத்துக்கொண்டது. விளைவு, பிரிட்டிஷ் கேலன் சுமார் 4.55 லிட்டர், அமெரிக்க கேலன் சுமார் 3.79 லிட்டர். பெயர் ஒன்று, பாத்திரம் இரண்டு. எந்தப் படியில அளந்தே?

இப்போது கனடாவுக்கு வருவோம். பிரிட்டிஷ் கேலனில் வளர்ந்த கனடா, எழுபதுகளில் லிட்டருக்கு மாற ஆரம்பித்தது. அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. லிட்டரைச் சுருக்கி எழுத சின்ன ‘எல்’ எழுத்துதான் விதி. ஆனால், அச்சில் அது ஒன்று என்ற எண் மாதிரியே தெரிந்து குழப்பியது. பெரிய ‘எல்’ போட்டால் தொல்லை இல்லை. ஆனால், மனிதர் பெயரால் வந்த அலகுகளுக்குத்தான் பெரிய எழுத்து. வாட், நியூட்டன் மாதிரி. லிட்டர் என்று யாரும் பிறக்கவில்லையே!

‘பிறக்க வைத்துவிட்டால் போச்சு’ என்று கிளம்பினார் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் வூல்னர். பள்ளி வேதியியல் ஆசிரியர்களுக்காக வந்துகொண்டிருந்த ‘கெம் 13 நியூஸ்’ என்ற பத்திரிகையின் 1978 ஏப்ரல் இதழில், க்ளோத் எமில் ழான் பாப்டிஸ்ட் லிட்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1716-ல் பிறந்தாராம், ஒயின் பாட்டில் செய்பவரின் மகனாம். அத்தனையும் ஏப்ரல் ஃபூல்! ஆனால், விஷயம் தெரிந்தவர்களே இதை நிஜம் என்று நம்பிவிட, அப்புறம் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. கடைசியில், 1979-ல் கூடிய சர்வதேச மாநாடு, இல்லாத லிட்டர் ஐயாவின் தயவு இல்லாமலே பெரிய ‘எல்’லுக்கும் அனுமதி கொடுத்தது. இரண்டு எழுத்தும் இன்றைக்கும் செல்லும்.

சிரித்தாகிவிட்டதா? இனி சிரிக்கமுடியாத கதை.

அதே கனடா. 1983-ம் வருடம் ஜூலை 23. ஏர் கனடாவின் 143-ம் எண் விமானம் மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகவேண்டும். புத்தம் புது போயிங் 767. அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்களில் எரிபொருள் பவுண்டு கணக்கு, இதில் மட்டும் கிலோ கணக்கு. எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி அன்றைக்கு வேலை செய்யவில்லை. எனவே டேங்கில் அளவுகோல் வைத்துக் கையால் அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. இன்னும் எத்தனை லிட்டர் ஊற்றவேண்டும்? என் மகளின் நோட்டில் வருகிற கணக்கேதான்!

லிட்டரை எடையாக மாற்ற ஓர் எண்ணால் பெருக்கவேண்டும். அவர்கள் கையில் இருந்த எண் 1.77. பெருக்கினார்கள். 13,597 வந்தது. ‘ஏற்கெனவே 13,597 கிலோ இருக்கிறது, இன்னும் 8,703 கிலோ போதும்’ என்று, அதே எண்ணால் வகுத்து, ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவான லிட்டர் ஊற்றினார்கள். பெருக்கலில் தப்பில்லை. கழித்தலில் தப்பில்லை. வகுத்தலிலும் தப்பில்லை. ஆனால், 1.77 என்பது ஒரு லிட்டர் விமான எரிபொருளின் எடை, பவுண்டில்! கிலோவில் அது சுமார் 0.8-தான். டேங்கில் நிஜமாக இருந்தது 6,100 கிலோ சொச்சம். ஊற்றியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கும் மேலே.

ஒட்டாவாவில் மறுபடி அளந்து சரிபார்த்தார்கள். எப்படி? அதே 1.77-ஐ வைத்து! தப்பான படியால் இரண்டாம் தடவை அளந்தால் சரியாகிவிடுமா?

நடுவானில் முதலில் ஒரு இன்ஜின் நின்றது. பிறகு இன்னொன்று. விமானத்தில் 61 பயணிகள், 8 ஊழியர்கள். கேப்டன் பாப் பியர்சனுக்கு இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்தது. துணை விமானி மாரிஸ் குவின்டாலுக்கு, கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளம் நினைவில் இருந்தது. அந்த மாபெரும் விமானத்தைப் பட்டம்போல் மிதக்கவிட்டு அங்கே கொண்டுபோனால்... ஓடுபாதையில் கார் பந்தயம் நடந்துகொண்டிருக்கிறது! குடும்பம் குடும்பமாக ஜனங்கள். முன்சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் உரசி, ஒருவழியாக நின்றது விமானம். சிலருக்குச் சின்னச் சின்னக் காயம். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பிறகு நடந்த விசாரணையில், இந்தக் கணக்கைப் போடவேண்டியது யார் என்பதே தெளிவாக வரையறுக்கப்படவில்லை, போட்டவர்களுக்குப் போதுமான பயிற்சியும் தரப்படவில்லை என்று தெரியவந்தது. அவர்கள் முட்டாள்கள் அல்ல. 13,597 என்ற எண் எழுந்து நின்றபோது, ‘13,597 என்ன? கிலோவா, பவுண்டா?’ என்று கேட்க அங்கே ஓர் அப்பத்தா இல்லை. அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியைத்தான் நாம் சொல்லித் தருவதில்லை என்று நினைக்கிறேன். ‘ஆயிரத்தால் பெருக்கு, புள்ளியைத் தள்ளு’ என்று சூத்திரத்தைக் கொடுத்துவிடுகிறோம். பாத்திரத்தைக் கொடுப்பதில்லை. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே என்ற அறிஞரின் சோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே அளவு தண்ணீரை அகலமான டம்ளரிலிருந்து ஒல்லியான உயரமான டம்ளருக்கு, குழந்தையின் கண் எதிரிலேயே மாற்றுவார்கள். ‘எதில் அதிகம்?’ என்றால், சின்னக் குழந்தைகள் உயரமானதைத்தான் காட்டும். அப்படி இல்லை என்பது சுமார் ஏழு வயதை ஒட்டித்தான் பிடிபட ஆரம்பிக்கிறது என்றார் அவர். அளவு என்பது, கண்ணுக்குத் தெரிகிற உயரம் அல்ல என்பதே ஒரு குழந்தைக்குப் பெரிய கண்டுபிடிப்பு. அந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு வாளித் தண்ணீர் வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்தேன். கொல்லையில் ஒரு வாளி, 200 மில்லி டம்ளர் ஒன்று. “மூணு லிட்டர் அம்பது மில்லி ஊத்து, பார்ப்போம்” என்றேன். எண்ணிக்கொண்டே ஊற்றினாள். பதினைந்து டம்ளர் ஆனதும் மூணு லிட்டர். அப்புறம் கால் டம்ளர். வாளியில் பாதிக்கு மேல் கைவிட்டு அளைந்தாள். பாவாடை முழுக்க ஈரம். வீட்டுக்குள்ளிருந்து எனக்குத்தான் திட்டு.

“இப்போ 350 எடு” என்றேன்.

அளந்து இன்னொரு பாத்திரத்தில் ஊற்றினாள். ஒரு டம்ளர். அப்புறம் முக்கால் டம்ளர். முடிந்துபோயிற்று. அதைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். “ஐயே... ஒண்ணே முக்கால் டம்ளர்தானாப்பா?” என்றாள்.

அந்த ‘ஐயே’வைத்தான் நான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு வாளி இருக்கும். தண்ணீர் கொஞ்சம் சிந்தினால் பரவாயில்லை. பக்கத்திலிருக்கும் செடிக்குத் திருப்பிவிடுங்கள்!